தெரியும், சொல்ல மாட்டேன்

இருளப்பசாமி துணை

வெள்ளாங்கரை
3-3-1947, திங்கள்

அன்புள்ள மாப்பிள்ளை பூமிநாதனுக்கு, சண்முகவேல் எழுதிக்கொண்டது.

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் இங்கே யாரும் சுகமாக இல்லை. இரண்டு மைல் தள்ளி ரெட்டியபட்டியில் இருக்கும் தங்கை புருஷனுக்குக் கடுதாசி எழுதும்படி ஆகிவிட்டதே என்று மனசு ஆறவில்லை. என்ன செய்வது? வெள்ளிக்கிழமை காலையில் ஊர் பார்க்க, ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பார்க்க, நீங்கள் தடிக்கம்பைக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். களவுக்குக் காலடித் தடம் பார்க்கிறவன் கம்பைக் கீழே வைத்தால் விவகாரம் தீரும்வரை அந்த ஊர்ச் சொந்தத்தின் முகத்தில் விழிக்கக் கூடாது என்பது வழக்கம். அதனால்தான் தலையாரி மொக்கையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அவனுக்கு எழுத்து வாசனை கிடையாது, பயப்பட வேண்டாம்.

காணாமல் போனது காளை மாடாக இருந்தால் நான் இவ்வளவு பதற மாட்டேன். போனது சர்க்கார் சோளம். ஊரில் வீட்டுக்கு இவ்வளவு என்று பிடித்துச் சாவடியில் அடுக்கி வைத்த மூட்டையில் நாலைக் காணோம். சாவடிக்குப் பொறுப்பு கிராம முன்சீப்பாகிய நான். இன்ஸ்பெக்டர் குதிக்கிறார். "தடம் பாக்கக் கூட்டியாந்த ஆளு பாதியில போறான்னா என்ன அர்த்தம்? அவன் யாரோட பங்காளி?" என்று என்னையே கேட்கிறார். உங்களுக்குக் குளிர்காய்ச்சல் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

மாப்பிள்ளை, ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓடைக்கு அப்புறம் கல்லுத்தரை, அங்கே தடம் விட்டுப்போச்சு என்று சொல்லுங்கள். யாருக்கும் கேடில்லை. நீங்கள் அப்படி என்னதான் பார்த்தீர்கள் என்று எனக்காவது எழுதினால், அதற்குத் தகுந்தபடி நான் பேசிக்கொள்வேன்.

தங்கச்சி ஒச்சம்மாளுக்கு இது ஏழாவது மாசம். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துத் தரித்த பிள்ளை. பங்குனியில் வளையல் போட்டு இங்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று என் வீட்டுக்காரி, உங்கள் அக்காள், தினமும் சொல்கிறாள். அதற்குள் இது முடிய வேண்டும்.

இப்படிக்கு,
மு. சண்முகவேல்
கிராம முன்சீப்


ரெட்டியபட்டி
5-3-1947

மச்சான் அவர்களுக்குப் பூமிநாதன் வணக்கம்.

கடுதாசி கிடைத்தது. மொக்கையன் கேப்பைக்கூழ் குடித்துவிட்டுத்தான் போனான். பாவம், முன்சீப் வீட்டுச் சேதி என்று தலைப்பாகைக்குள் வைத்து வியர்வையில் நனைத்துக்கொண்டு வந்தான்.

எனக்குக் காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கல்லுத்தரையில் தடம் விட்டுப்போச்சு என்று நான் சொல்ல மாட்டேன். பரளச்சியில் களவு போன சோடிக் காளையைக் கமுதி தாண்டிப் போய் மீட்டவன் நான். பார்த்ததைப் பார்க்கவில்லை என்று ஒரு தரம் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு நான் சொல்லுகிற எந்தத் தடத்தை எவன் நம்புவான்? தடம் பார்க்கிறவன் வாயை மூடிக்கொள்ளலாம், பொய் சொல்லக் கூடாது. என் அய்யா எனக்குச் சொன்னது அது ஒன்றுதான்.

என்ன பார்த்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பேரைத் தவிர மற்றதைச் சொல்கிறேன். சாவடிக்குப் பின்னால் ஓலைத்தட்டியைப் பிரித்த இடத்தில் நல்ல தடம் ஒன்று விழுந்திருந்தது. காற்றில் கலையாமல் சட்டியைக் கவிழ்த்து மூடி வைத்தேன். இன்ஸ்பெக்டர் வந்ததும் எடுத்துப் பார்த்தேன். வந்தது ஒரே ஆள். நாலு நடை போயிருக்கிறார். மூட்டை தூக்கிப் பழகின கால் இல்லை அது. பழகினவன் முன்பாதத்தில் பாரம் கொடுப்பான், இது குதிகாலில் புதைந்திருந்தது. நாலாவது நடையில் மூன்று இடத்தில் மூட்டையை இறக்கி வைத்து நின்றிருக்கிறார். ஒரு இடத்தில் முழங்கால் ஊன்றின பள்ளம்கூட இருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை மச்சான். ஓடை மணலுக்குப் போனதும் நடை முழுசாகத் தெரிந்துவிட்டது. கம்பைக் கீழே வைத்தேன்.

வழக்கம் உங்களுக்குத் தெரியாததில்லை. தடம் தன் சொந்தத்தில் போய் முட்டினால் கம்பை வைக்கலாம். ஊர் யாரென்று கேட்காது. எட்டு நாளைக்குள் எடுத்தவர் பொருளைக் கோயில் பின்புறம் வைத்துவிட வேண்டும். வைத்துவிட்டால் அதோடு சரி, யார் வைத்தார் என்று கேட்க ஆளில்லை. வெள்ளாங்கரையில் எனக்குச் சொந்தம் இரண்டு வீடு. ஒன்று உங்களுடையது. இன்னொன்று தாலியறுத்த சந்தனம்மாள் சின்னம்மா வீடு. ஊர் இரண்டு வாசலையும் பார்த்துக்கொண்டிருக்கும்.

வெள்ளியோடு எட்டு நாள் முடிகிறது. இன்னும் நாளிருக்கிறது.

ஒச்சம்மாளுக்குக் கால் வீக்கம் குறைந்திருக்கிறது. புளியங்காயைத் தின்று பல் கூசிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். யாருடைய தடம் என்று அவளுக்கும் சொல்லவில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

அன்புடன்,
பூமிநாதன்


வெள்ளாங்கரை
11-3-1947

மாப்பிள்ளைக்கு,

இதை எழுதுவதற்கு முன்னால் மூன்று காகிதத்தைக் கிழித்துப்போட்டேன்.

எட்டு நாளும் முடிந்தது. கோயிலில் யாரும் எதுவும் வைக்கவில்லை. எடுத்தவன் யாரோ, அவனுக்கு மனசு வரவில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் சாவடியில் வந்து உட்கார்ந்துகொண்டு, "முன்சீப், ரிப்போர்ட் எங்கே?" என்றார். உங்களைக் கூப்பிட்டு விசாரித்த அன்று நீங்கள் அவர் முகத்துக்கு நேரே "தெரியும், சொல்ல மாட்டேன்" என்றீர்களாமே. ஐயோ மாப்பிள்ளை! தெரியாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் நோட்டை மூடிக்கொண்டு போயிருப்பார். தெரியாத ஆள்மேல் கேஸ் கிடையாது. தெரிந்து சொல்லாத ஆள்மேல்தான் கேஸ்.

சர்க்கார் உத்தியோகஸ்தர் சட்டப்படி கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தால் ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அவர் புத்தகத்தைத் திறந்து விரலை வைத்துக் காட்டினார். எட்டு நாள் வழக்கம், கம்பு, சட்டி என்று நான் வாயெடுத்தேன். "அதெல்லாம் உங்க சாமிகிட்ட சொல்லும்யா" என்றார்.

ஆகவே உங்கள்மேல் நானே என் கையால் ரிப்போர்ட் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. எழுதவில்லை என்றால் நானும் உடந்தை என்று ஆகும், முன்சீப் வேலை போகும். எங்கள் அய்யாவுக்கும் அவர் அய்யாவுக்கும் இருந்த வேலை இது. அது போனால் இந்த வீட்டில் மிச்சம் என்ன இருக்கிறது? மானாவாரிக் காடு பத்து ஏக்கர், அதுவும் மூன்று வருஷமாக மழையில்லாமல் வெடித்துக் கிடக்கிறது.

சம்மன் வரும். வந்தால் கோர்ட்டுக் கச்சேரியில் போய்த் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். கைகூப்பிக் கேட்கிறேன். ஒச்சம்மாளை நினைத்துப் பாருங்கள்.

சண்முகவேல்


ரெட்டியபட்டி
22-3-1947

மச்சான் அவர்களுக்கு,

சம்மன் வந்தது. கொண்டுவந்தவன் மொக்கையன்தான். அதைக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வந்தவன் வாசலில் நின்றுகொண்டு, "சாமி, நான் என்ன செய்வேன், எங்கிட்டக் குடுத்துவிட்டாக" என்று அழுதான். நான்தான் அவனைத் தேற்றி, பெருவிரலில் மை தடவிக்கொள்ளாமல் ஒழுங்காகக் கையெழுத்தே போட்டுக் கொடுத்தேன். 31-ந் தேதி திங்கட்கிழமை திருச்சுழிக் கச்சேரியில் ஆஜராக வேண்டும்.

அதோடு இணைத்திருந்த ரிப்போர்ட் நகலையும் படித்தேன். "மேற்படி பூமிநாதன் என்பவர்" என்று எழுதியிருக்கிறீர்கள். என் கல்யாணப் பத்திரிகையில் என் பேரை எழுதினதும் அந்தக் கைதான். நெஞ்சு கொதித்தது மச்சான். மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்குக் காடு வரைக்கும் போய்ச் சும்மா நின்றுவிட்டுத் திரும்பினேன்.

தெரியாது என்று சொல்லும்படி மறுபடியும் எழுதியிருக்கிறீர்கள். நான் சொல்லாமல் இருப்பது ஒரு ஆளைக் காப்பாற்ற என்று நினைக்கிறீர்கள். முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த ஆள் தானாக எழுந்து வருவதற்கு வழியை அடைக்காமல் வைத்திருக்கிறேன். நான் தெரியாது என்று சொல்லிவிட்டால் அந்த வழியும் அடைபட்டுப் போகும். நான் பேரைச் சொல்லிவிட்டால் அவர் வந்ததாக ஆகாது, இழுத்து வந்ததாக ஆகும்.

சந்தனம்மாள் சின்னம்மாவை ஊர்க்கிணற்றில் மற்றவர்கள் எல்லாம் இறைத்து முடித்த பிறகுதான் இறைக்க விடுகிறார்களாம். அவள் வீட்டுக்கு அடுப்புக்கு நெருப்புக்கூடக் கொடுப்பதில்லையாம். அவள் மகன் மதுரை மில்லில் இருப்பவன், ஊருக்கு வந்தே ஆறு மாசமாகிறது. மூட்டை தூக்க அவள் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஆனால் முன்சீப் வீட்டைச் சந்தேகப்பட யாருக்கு மனசு வரும்? இளைத்த வாசல் அதுதான். இதை நீங்கள் கண்ணால் பார்க்கிறீர்கள், நான் காதால் கேட்கிறேன்.

வளையல் போட யாரும் வரவில்லை. ஒச்சம்மாள் அன்றைக்குத் தலை குளித்து, அரக்குச் சேலை கட்டிக்கொண்டு பொழுது சாயும்வரை இருந்தாள். கடைசியில் என்மேல்தான் பாய்ந்தாள். "எங்கண்ணன் உத்தியோகத்துக்கே ஒல வைக்கிறீகளே, யாரைக் காப்பாத்த இந்தப் பாடு? அந்தச் சந்தனம்மாவையா?" என்றாள். அவளுக்கும் பேரைச் சொல்ல மறுத்துவிட்டேன். கச்சேரியில் மறுத்தால் ஆறு மாசம். வீட்டில் மறுத்ததற்கு எத்தனை மாசம் என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

பூமிநாதன்


வெள்ளாங்கரை
6-4-1947

மாப்பிள்ளைக்கு,

இதைச் சப்-ஜெயில் விலாசத்துக்கு அனுப்புகிறேன். அங்கே பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதால் அதிகம் எழுதவில்லை.

மாஜிஸ்திரேட் இரண்டு மாதம் போட்டுவிட்டார். அவர் நல்ல மனிதர்தான். "இன்னொரு தரம் கேட்கிறேன், யோசித்துச் சொல்" என்று மூன்று தரம் கேட்டார். நீங்கள் மூன்று தரமும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "தெரியும் எசமான். சொல்ல ஏலாது" என்றீர்கள். வேண்டுமென்றே சர்க்காரை எதிர்க்கிறவன் என்று பிராசிக்யூஷன் தரப்பில் சொன்னார்கள். அதற்குச் சாட்சியாக என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். ஏறினேன். சத்தியம் செய்தேன். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். நான் இறங்கி வரும்போது நீங்கள் என் முகத்தைப் பார்ப்பீர்கள் என்று நினைத்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் காட்டைக் கோடை உழவு உழுது போட ஏர் அனுப்பினேன். ஒச்சம்மாள் வேண்டாம் என்று திருப்பிவிட்டாள். கூட்டிவர வண்டி அனுப்பினேன். "எம் புருசன் செயில்ல இருக்கயில நான் பொறந்த வீட்டுல உக்காந்து நெய்ச்சோறு திங்கவா?" என்றாளாம். நெய்ச்சோறு! இந்த வீட்டில் நெய்யைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

ஒன்று சொல்கிறேன். போன தையில் ஊருக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று என் வீட்டுச் சோளத்தை முதலில் அளந்து போட்டவன் நான். விதைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து அளந்தேன். இன்ஸ்பெக்டர் முதுகில் தட்டிக் கொடுத்தார். மாசி பிறந்தபோது தானியக் குலுக்கையில் துடைப்பத்தால் கூட்டி எடுக்கிற அளவுதான் இருந்தது. முன்சீப் வீட்டுப் பொம்பிளை பக்கத்து வீட்டில் போய்ச் சோளம் கைமாற்றுக் கேட்க முடியுமா? இதற்கு மேல் இதில் எழுத முடியாது.

சண்முகவேல்


வெள்ளாங்கரை
18-5-1947

மாப்பிள்ளைக்கு,

இதை ஜெயிலுக்கு அனுப்பவில்லை. நீங்கள் வெளியே வருகிற அன்று உங்கள் கையில் மட்டும் கொடுக்க வேண்டும் என்று மொக்கையனிடம் கொடுத்து வைக்கப் போகிறேன்.

பெண் பிறந்திருக்கிறது என்று மருத்துவச்சி வெள்ளைத்தாய் சொல்லித்தான் தெரிந்தது. எனக்கு ஆள் அனுப்பக்கூட இல்லை. சர்க்கரையும் வெற்றிலையும் எடுத்துக்கொண்டு ஓடை வரைக்கும் வந்தேன். பிள்ளை பிறந்து ஏழாம் நாள் அது. அதற்கு மேல் கால் வரவில்லை.

அந்தத் தடம் என்னுடையதுதான். உங்களுக்குத் தெரியும். நீங்கள் தெரிந்துகொண்டீர்கள் என்று நீங்கள் கம்பை வைத்த அந்த நிமிஷமே எனக்கும் தெரியும். தெரியாதவன்போல இத்தனை கடுதாசி எழுதினேன். வீடு வீடாகச் சோதனை போட்டபோது முன்னால் நடந்ததும் நான்தான். என் வைக்கோல் படப்புக்கு அடியில் இருந்ததை யார் தேடுவார்கள்? சந்தனம்மாள் வீட்டுப் பானையை எல்லாம் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னேன். அந்தப் பாவத்தை நான் எந்தத் தண்ணியில் கழுவுவேன்?

எட்டாம் நாள் கோயிலில் வைத்துவிடத்தான் இருந்தேன். சாமி சத்தியமாக இருந்தேன். ஒரு மூட்டை ஏற்கெனவே பிரித்தாகிவிட்டது. மூன்றை வைத்தால் ஊர் என்ன சொல்லும் என்று நினைத்தேன். யாரும் கேட்க மாட்டார்கள்தான். கேட்காமல் பார்ப்பார்களே, அந்தப் பார்வைக்குப் பயந்தேன். நாலாக ஆக்கி வைக்கலாம் என்று ஒரு நாள் தள்ளினேன். நாள் போய்விட்டது. ரிப்போர்ட் எழுதினேன். அப்புறம் ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிற்று.

நான் கச்சேரிக்குப் போய்ச் சொல்லிவிடட்டுமா? போ என்று ஒரு வார்த்தை எழுதுங்கள், போய்விடுகிறேன். வேண்டாம் என்றால் காலம் பூராவும் உங்களுக்கு நாயாகக் கிடப்பேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

பாவி,
சண்முகவேல்


ரெட்டியபட்டி
6-6-1947, வெள்ளி

மச்சான் அவர்களுக்கு,

சனிக்கிழமை வெளியே வந்தேன். இரண்டு மாதச் சோற்றில் கொஞ்சம் இளைத்திருக்கிறேன், மற்றபடி குறைவில்லை. வெறுங்காவல் என்பதால் வேலை வாங்கவில்லை. வேலை இல்லாமல் ஒரு சம்சாரி இரண்டு மாதம் உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை.

உங்கள் கடுதாசியை மொக்கையன் என் கையில் கொடுக்கவில்லை. நான் வருவதற்கு முன்னாலேயே பிள்ளையைப் பார்க்க வந்திருக்கிறான். ஏதோ நல்ல சேதியாக இருக்கும் என்று நினைத்து ஒச்சம்மாளிடம் கொடுத்துவிட்டான். அவளுக்கு எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதானே, நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான். மூன்று நாள் எடுத்து முழுசையும் வாசித்திருக்கிறாள்.

நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பிள்ளையை என் கையில் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, "ஒங்களை அன்னைக்கு என்னென்னமோ பேசிட்டேன்" என்று காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஒன்பது வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அழுது முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க தடம் பாக்குறவுக, ஒங்க வாயி கட்டிக் கெடக்கு. என் வாய எவனும் கட்டல. நான் கச்சேரிக்குப் போறேன். சந்தனம்மா அத்தை வீட்டு அடுப்பு எரியணும்."

நான் போ என்று சொல்ல வேண்டும், அல்லது வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் காலை எடுத்து வைக்க என்னைக் கேட்கிறீர்கள். மாஜிஸ்திரேட் கேட்டதற்கே நான் பதில் சொல்லவில்லை, இதற்கும் சொல்ல மாட்டேன். உங்கள்மேல் இன்னும் கோபம் இருக்கிறது. பாசமும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று ஜெயிலில் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை.

ஒச்சம்மாளைத் தடுக்கப் பார்த்தேன். பச்சை உடம்பு, பிள்ளை பெற்றுப் பதினாறு கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை, நடந்து போகக் கூடாது என்றேன். "அப்ப வண்டியக் கட்டுங்க" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வண்டி பூட்டுகிறேன். திருச்சுழிக்கு வெள்ளாங்கரை வழியாகத்தான் பாதை. உங்கள் வாசலில் வண்டி நிற்கும். ஒச்சம்மாளும் பிள்ளையும் உள்ளே இருப்பார்கள், இன்னொருவருக்கு இடம் உண்டு. நீங்கள் ஏறினால் கச்சேரியில் முதலில் பேசுவது நீங்களாக இருக்கட்டும் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன், சரி என்றிருக்கிறாள். வெகுநேரம் நிறுத்த முடியாது. பிள்ளைக்கு வெயில் ஆகாது.

பூமிநாதன்